முகத்துவாரத்து வியாபாரியின் மாரடைப்பு

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஆஸ்பத்திரி டொக்டர்மார் எல்லாரும் மாணவர்களாகிவிடுவோம். கொட்டாஞ்சேனையில் இருக்கிற நடுத்தரமான தனியார் ஆஸ்பத்திரி அது. மேல்மாடியில் ஒரு மண்டபம். யாராவது ஒருவர் புதிதாக வந்த மருந்தைப் பற்றியோ, தான் பார்த்த நோயாளி ஒருவரைப் பற்றியோ உரையாற்றுவார். மற்றவர்கள் கேட்டு அறிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தொடர் மருத்துவக் கல்வி என்று அழைப்பிதழில் போடுவார்கள். எங்களுக்குள் அதற்குப் புரியாணிக் கூட்டம் என்று பெயர். உரை முடிந்ததும் கீழே கன்டீனில் புரியாணி உண்டு. பின்வரிசையில் இருப்பவர்களுக்கு வாசனை முதலில் வரும். அதனால் பின்வரிசை எப்போதும் நிரம்பியிருக்கும்.

உரை ஆங்கிலத்தில் நடக்கும். சண்டை வந்தால் தமிழுக்கு மாறும். தலைவருக்குக் கோபம் உச்சத்துக்கு ஏறினால் சிங்களமும் வரும். தலைவர் என்று நான் சொல்வது எங்கள் இதயப் பிரிவின் பொறுப்பாளரை. எங்களில் பாதிப் பேருக்கு மருத்துவ பீடத்தில் படிப்பித்தவர். அவர் முன்னால் உரையாற்றுவது என்பது நரைத்த தலையோடு மறுபடி வாய்மொழிப் பரீட்சைக்குப் போவது மாதிரி.

நான் அங்கே பொது மருத்துவ நிபுணர். இதயம், மூளை, சிறுநீரகம் என்று உடம்பை மற்றவர்கள் பங்கு போட்டு எடுத்த பிறகு மிச்சம் இருப்பது எனக்கு. பின்வரிசையில் மூலைக் கதிரை என்னுடையது. பக்கத்துக் கதிரை காது மூக்குத் தொண்டைச் சத்திரசிகிச்சை நிபுணரான என் நண்பருடையது. இதயத்தையோ நுரையீரலையோ பற்றிய உரைகளில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. புரியாணிக்காக வருகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரே நேர்மையாளர்.

இந்தக் கூட்டங்களில் ஒரு வழக்கத்தை மட்டும் யாரும் மீறுவதில்லை. நோயாளியின் கதையைச் சொல்லலாம். ஆள் யாரென்று தெரியக்கூடாது. பேர் சொல்லக்கூடாது. முகம் தெரிகிற படம் போடக்கூடாது. தேவையென்றால் ஊரையும் தொழிலையும் மாற்றிச் சொல்லலாம். நல்ல வழக்கம்தான். அந்த நல்ல வழக்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

அதற்கு முதலில் என் மாரடைப்பைச் சொல்ல வேண்டும்.

தெஹிவளையில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் எனக்கு எதிரே வடைக்காரர் திரும்பத் திரும்ப வந்தார். நானும் அவர் மனம் கோணாமல் நடந்துகொண்டேன். பாயாசமும் அப்படியே. கைகழுவிவிட்டு வந்தபோது மேல்வயிற்றில் ஒரு இறுக்கம். கொஞ்சம் வியர்த்தது. மண்டபத்தில் எல்லாருக்கும் வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. மற்றவர் யாராவது வந்து இந்தக் குணங்குறிகளைச் சொல்லியிருந்தால், முழு வசனம் முடியும் முன்னரே கட்டிலில் படுக்க வைத்திருப்பேன். என் விஷயத்தில் இது வாயு என்று ஒரே விநாடியில் கண்டுபிடித்தேன். இத்தனை வருட அனுபவம் சும்மாவா?

மனைவியை வெள்ளவத்தை வீட்டுக்கு உறவினரோடு அனுப்பிவிட்டு, "வார்ட்டில ஒரு கேஸ் இருக்கு, பார்த்திட்டு வாறன்" என்றேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அது முழு உண்மை.

த்ரீவீலர் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போகச் சொன்னேன். காலி வீதியில் வாகன நெரிசல். நான் முன்னால் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்த சாரதி, வெள்ளவத்தையில் ஒருமுறையும் பம்பலப்பிட்டியில் ஒருமுறையும், "மாத்தயா, இங்கயும் ஆஸ்பத்திரி இருக்குத்தானே?" என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரியாதா? ஆனால் தெரியாத ஆஸ்பத்திரிக்குள் போனால் அங்கே ஒரு டொக்டர் என்னைப் பிடித்துப் பரிசோதிப்பாரே! என் சொந்த ஆஸ்பத்திரி என்றால் நானே போய், நானே அலுமாரியைத் திறந்து, நானே வாயுவுக்கு மருந்து குடித்துவிட்டு வந்துவிடலாம். இப்படி ஒரு கணக்கு. நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் வழியில் வந்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் கும்பிடு போட்டுவிட்டு ஒன்றரை மணித்தியாலம் கழித்துப் போய்ச் சேர்ந்தேன்.

அன்று அவசர சிகிச்சைப் பிரிவில் ஓர் இளம் பெண் டொக்டர் கடமையில் இருந்தார். முன்பு என் வார்ட்டில் வேலை பழகியவர். அமைதியானவர். நான் மருந்து அலுமாரியைத் தேடுவதைக் கண்டு, "என்ன சேர், இவ்வளவு வேர்க்குது?" என்றார்.

"கல்யாண வீடு. வாயு. அந்த வெள்ளை மருந்துப் போத்தல் எங்க பிள்ளை?"

"முதல்ல இருங்கோ சேர். ஒரு ஈ.சி.ஜி. எடுப்பம்."

எடுத்தார். அவர் பார்க்கும் முன்னரே தாளை வாங்கி நான் வாசித்தேன், கண்ணாடி போடாமல். "வயர் சரியாப் பூட்டேல்ல" என்றேன். மறுபடி எடுத்தார். "மெஷின் பழசு" என்றேன். வேறு மெஷினில் எடுத்தார். அதிலும் மாரடைப்பைக் காட்டும் அதே மேடு.

"இது என்ர வழமையான ஈ.சி.ஜி. பிள்ளை. பழசிலயும் இப்பிடித்தான் இருந்தது."

"பழசு எங்க சேர்?"

"வீட்டில."

"வீட்டில எங்க?"

"எங்கயோ அலுமாரிக்க."

அவர் மூன்று தாள்களையும் என் முன்னால் வைத்தார். "சேர், இந்த ஈ.சி.ஜி. வேற ஆரின்ரயாவது எண்டா நீங்க என்ன செய்வீங்க?"

"உடன இதயப் பிரிவுக்கு அனுப்புவன்."

"அப்ப?"

"இது என்ர எல்லோ!"

இந்தப் பதிலில் எனக்கு அப்போது எந்தக் குறையும் தெரியவில்லை. இரத்தப் பரிசோதனைக்குக் கையைக் கொடுக்க மறுத்தேன். தலைவரோடு தொலைபேசியில் கதைக்க வேண்டும் என்றேன். அந்த வாரம் அவர் மகளைப் பார்க்க வெளிநாடு போயிருந்தது எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்டேன். இப்படி நான் வாதாடிக்கொண்டிருக்க நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அந்தப் பிள்ளை குரலை உயர்த்தாமல் சொன்னது: "சேர், இப்ப நீங்க சேர் இல்ல. பேஷன்ட். படுங்கோ."

படுத்தேன். வெளியிலிருந்து ஓர் இதய நிபுணரை அவர் எப்போதோ அழைத்துவிட்டிருந்தார். நான் வாதாடும்போதே அந்த நிபுணர் வந்துகொண்டிருந்திருக்கிறார். என் இதயக் குழாய் ஒன்றில் அடைப்பை எடுத்துச் சின்னக் கம்பிச்சுருள் ஒன்றை வைத்தார்கள். வடைக்காரர் நிரபராதி. பல மாதங்களாக என் கொழுப்பு மாத்திரையை நானே எனக்கு நிற்பாட்டியிருந்தேன். காரணம், நோயாளியான எனக்கு அது தேவையில்லை என்று டொக்டரான நான் தீர்மானித்ததுதான்.

அன்று கடமையில் நின்ற இரண்டு மூன்று பேரை வாய்திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்; ஆஸ்பத்திரியில் மற்ற எல்லாரும் நான் விடுமுறையில் போனதாக நினைத்தார்கள். அப்படி நினைக்கிறார்கள் என்றுதான் நான் நம்பினேன். திரும்பி வந்த பிறகு ஒரு சின்ன மாற்றம் மட்டும் கண்ணில் பட்டது. கன்டீனில் எனக்கு மட்டும் எண்ணெயில் பொரித்த றோல்ஸ் முடிந்துபோயிருக்கும். எனக்குப் பின்னால் வருபவருக்கு இருக்கும்.

சில மாதங்கள் கழித்து அந்த இளம் டொக்டர் என் அறைக் கதவைத் தட்டினார். இதயப் பிரிவில் நிரந்தரமாக ஒருவரை எடுக்கப் போகிறார்கள், தலைவர்தான் தெரிவு செய்வார், அந்த இடத்துக்கு விண்ணப்பித்த இவருக்கு வருகிற சனிக்கிழமை உரையைத் தந்திருக்கிறார்கள். இவர் பேச்சு எப்படி, சிந்தனை எப்படி என்று தலைவர் பார்க்கப் போவது அதில்தான்.

"மேல்வயிற்று நோவா வாற மாரடைப்பைப் பற்றிக் கதைக்கலாம் எண்டு யோசிச்சனான் சேர். என்னட்டை இருக்கிற நல்ல கேஸ்..." என்று இழுத்தார்.

"நான்."

"ஓம் சேர். நீங்க விருப்பமில்லை எண்டா வேண்டாம்."

கேஸ் என்ற அளவில் நான் நல்லவன் என்று கேட்க எனக்குப் பெருமையாகவே இருந்தது. சம்மதித்தேன். ஆனால் ஆள் தெரியக்கூடாதே! நானே உட்கார்ந்து வேஷம் கட்டினேன். தெஹிவளையிலிருந்து வந்தார் என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள்; பக்கத்தில் இருக்கிற முகத்துவாரத்தில் வீடு என்று போடும் என்றேன். தொழில், புறக்கோட்டையில் புடைவை வியாபாரம். மாத்திரை நிற்பாட்டிய கதை வேண்டாம். வயதையும் கொஞ்சம் குறைத்துப் போடும்.

"எவ்வளவு சேர் குறைக்க?"

"மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் பத்துப் பன்னிரண்டு."

அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் கேட்டவர் அவர், கொடுத்தவன் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. புரியாணியின் மணமும் வரத் தொடங்கியிருந்தது. பிள்ளை நன்றாகத்தான் ஆரம்பித்தார். குரலில் நடுக்கமில்லை. திரையில் என் ஈ.சி.ஜி. பெரிதாக வந்து நின்றது. இவ்வளவு பெரிதாகப் பார்த்தால் அந்த மேட்டைக் கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம். முன்வரிசையில் யாரோ, "கண் தெரியாதவனுக்கும் விளங்கும்" என்றார். நான் கதிரையில் கொஞ்சம் தாழ்ந்தேன்.

உரை முடிந்து கேள்வி நேரம். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நோயாளிக்கு வீடு முகத்துவாரத்தில எண்டு சொன்னீர். நோ தொடங்கி ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு இங்க வந்தவர் எண்டும் சொன்னீர். முகத்துவாரத்திலயிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒன்றரை மணித்தியாலமோ? நொண்டி நொண்டி நடந்தாலும் அதுக்குள்ள வந்திடலாமே?"

மண்டபம் சிரித்தது. பிள்ளை, "தாமதத்துக்குக் காரணம் சரியாத் தெரியேல்ல சேர்" என்றார்.

"கேட்டீரோ?"

"...இல்ல சேர்."

தலைவர் ஒரு தாளில் ஏதோ குறித்தார். "சரி. இவ்வளவு இளம் வயசு. சீனி இல்ல, பிரஷர் இல்ல, குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்ல, மாத்திரை ஒண்டும் எடுக்கேல்ல. அப்ப ஏன் வந்தது? பரம்பரைக் கொழுப்பு இருக்கோ எண்டு பார்த்தீரோ? போதைவஸ்து பாவிக்கிறவரோ எண்டு கேட்டீரோ?"

"இல்ல சேர்."

"இந்த வயசில மாரடைப்பு எண்டா கேக்கிற முதல் கேள்வி அதெல்லோ!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் கட்டிய வேஷத்தின் ஒவ்வொரு முடிச்சும் அவிழ்ந்து பிள்ளையின் கழுத்தில் சுருக்குப் போட்டுக்கொண்டிருந்தது. உண்மையான கதையில் ஓட்டையே இல்லை. கிழவனுக்கு வயது இருந்தது, கொழுப்பு இருந்தது, மாத்திரையை நிற்பாட்டிய மடைமை இருந்தது. எல்லாவற்றையும் நான் எடுத்துவிட்டேன். மிச்சம் இருந்தது, சரியாக விசாரிக்கத் தெரியாத ஒரு டொக்டர் மட்டும்.

"கடைசியா ஒண்டு" என்றார் தலைவர். குரல் இப்போது தாழ்ந்திருந்தது. அவர் குரல் தாழ்ந்தால் ஆபத்து. "முதல் ஈ.சி.ஜி.யிலயே தெளிவாத் தெரியுது. இதை வச்சுக்கொண்டு இன்னும் ரெண்டு எடுத்து, அவ்வளவு நேரம் என்ன செய்தனீங்கள்?"

பிள்ளை குறிப்புத் தாளைப் புரட்டினார். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று சொல்லலாம். சொன்னால், ஒரு புடைவை வியாபாரி ஈ.சி.ஜி.யைப் பற்றி எப்படி வாதாடினார் என்ற கேள்வி வரும். அவர் திரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. மண்டபத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மூலையை மட்டும் கண் தொடாமல் தாண்டிப் போனது.

பக்கத்திலிருந்து ஒரு முழங்கை என் விலாவில் இடித்தது. தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த நண்பர், கண்ணைத் திறக்காமலே, "எழும்புங்க மச்சான்" என்றார்.

"என்னத்துக்கு?"

"முகத்துவாரம் எழும்பினாத்தான் சரி வரும். எழும்புங்க."

எழும்பினேன். உள்ளதைச் சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் அப்போதும் என் மூளை, வேஷம் கலையாமல் பிள்ளையைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது என்று சொன்னது. என் வாயுவைக் கண்டுபிடித்த அதே மூளை.

"தலைவர் அவர்களே, ஒரு சின்ன அபிப்பிராயம். நோயாளி பொய் சொல்லியிருக்கலாம்."

"நோயாளி பொய் சொல்லுவார் ஐசே. அதைக் கண்டுபிடிக்கத்தானே டொக்டர்?"

"டொக்டர் கண்டுபிடிச்சிருப்பா. ஆனா சொல்ல ஏலாத நிலைமையா இருந்திருக்கலாம். உதாரணத்துக்கு, வயசைக் குறைச்சுப் போடச் சொல்லி நோயாளியே கேட்டிருக்கலாம்."

"புடைவை வியாபாரி ஏன் வயசைக் குறைக்கிறார்?"

"தலைமயிருக்கு மை பூசிற ஆக்களுக்கு அப்பிடி ஒரு பழக்கம் இருக்கு சேர்."

மண்டபம் முழுவதும் மெதுவாகத் திரும்பி என் தலையைப் பார்த்தது. போன கிழமைதான் பூசியிருந்தேன். நல்ல கறுப்பு.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அந்த வியாபாரி எங்கயிருந்து வந்தவர் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெஹிவளையில ஒரு கல்யாண வீடு எண்டு கேள்வி."

"தெஹிவளையிலயிருந்து கொட்டாஞ்சேனைக்கு! வழியில ஆஸ்பத்திரி ஒண்டும் இல்லையோ?"

"இருந்தது சேர். சாரதியும் காட்டினவர்."

"ஈ.சி.ஜி. தாளை வாங்கி அவரே வாசிச்சிருப்பாரே?"

"ஓம் சேர்."

"வியாபாரிக்கு ஈ.சி.ஜி. வாசிக்கத் தெரியுமோ?"

"அரைகுறையா, சேர்."

"அந்த அரைகுறையை நான்தான் படிப்பிச்சிருக்கிறன் போல கிடக்கு" என்றார் தலைவர்.

பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. தலைவர் சிரிக்கவில்லை. தனக்குப் பக்கத்தில் இருந்த வெறுங் கதிரையை மேடைக்கு நகர்த்தச் சொன்னார். எங்கள் காலத்தில் நோயாளியையே வகுப்புக்குக் கொண்டுவந்து இருத்தி, மாணவர் முன்னால் விசாரிப்பது ஒரு முறை. நான் எத்தனையோ பேரை அப்படி இருத்தியிருக்கிறேன். அந்தக் கதிரை இருப்பவருக்கு எவ்வளவு கடினம் என்பதை இருத்துபவர் அறிவதில்லை.

"வாரும் ஐசே. இதில இரும்." பிறகு இளம் டொக்டரிடம் திரும்பி, "பிள்ளை, இப்ப நோயாளி வந்திருக்கிறார். முதல்ல இருந்து விசாரியும். எல்லாரும் கேக்கட்டும்" என்றார்.

பிள்ளை மேடையில் என் எதிரே வந்து நின்றார். வார்ட்டில் நோயாளியிடம் நிற்பது போலவே கொஞ்சம் குனிந்து, என் கண்ணைப் பார்த்து. அன்று முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"பேர் தேவையில்லை" என்றார். "வயசு?"

சொன்னேன். மண்டபம் கைதட்டியது. அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை; அங்கே சொன்னது போதும்.

அடுத்துத் தொழில் கேட்டார். எப்போது நோ தொடங்கியது, எப்படியிருந்தது, எந்த வழியால் வந்தேன், என்ன மாத்திரை, யார் நிற்பாட்டினார். "டொக்டர் ஒருத்தர்" என்றேன். "எந்த டொக்டர்?" என்று விடாமல் கேட்டார். ஒவ்வொரு கேள்வியும் அதற்கு முந்திய பதிலிலிருந்து பிறந்தது. இரண்டு கேள்விக்கு மேல் என்னால் எதையும் ஒளிக்க முடியவில்லை. நான் பகிடி விட்டபோது மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிப்பு முடியும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி கேட்டார். நான் மெஷினைக் குறை சொல்லி வாதாடிய கட்டம் வந்ததும், இதய நிபுணரை அழைத்தது எப்போது என்று தலைவர் அவரைக் கேட்டார்.

"முதல் ஈ.சி.ஜி. முடிஞ்ச உடன சேர். சேரை... நோயாளியைக் கேக்காமலே போன் எடுத்தனான்."

"மற்ற ரெண்டு ஈ.சி.ஜி.யும் ஏன்?"

"ஆள் எழும்பிப் போகாமல் கட்டிலில வச்சிருக்க சேர்."

எனக்கே அது புதுச் செய்தி. மெஷினைப் பற்றி நான் ஆய்வு செய்யச் செய்ய, குழந்தைக்குக் கிலுகிலுப்பை காட்டுவது போல எனக்கு ஈ.சி.ஜி. காட்டப்பட்டதாம்!

தலைவர் முன்பு குறித்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "முதலாம் திகதியிலயிருந்து எங்கட பிரிவுக்கு வாரும் பிள்ளை. வாற நோயாளி எல்லாம் இப்பிடி இருக்க மாட்டினம். பயப்பிடாதையும்." பிறகு ஆங்கிலத்துக்கு மாறிக் கூட்டம் முடிந்தது என்று அறிவித்தார். அதோடு எல்லாரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள்.

கன்டீனில் என் முறை வந்தது. கன்டீன்காரர் புரியாணிப் பார்சலைத் தராமல், மேசைக்குக் கீழேயிருந்து வேறொரு பெட்டியை எடுத்துத் தந்தார். இடியப்பம், சொதி, வல்லாரைச் சம்பல். "சேருக்குத் தனியாச் செய்தது" என்றார். அப்போதுதான் றோல்ஸ் முடிந்துபோன மாதங்கள் எல்லாம் எனக்கு ஒழுங்காக விளங்கின.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று நண்பரைக் கேட்டேன்.

"நீங்க லீவில போன நேரம் உங்கட வீட்டுக்குப் போன் எடுத்தன். மதினி செல்லிட்டாங்க. நான் கன்டீனுக்கு மட்டும்தான் செல்லியீக்கிறன். ரகசியம்தானே மச்சான்." தன் புரியாணியில் இருந்த கோழிக்காலை எடுத்து, தோலை உரித்து வைத்துவிட்டு, ஒரு துண்டை என் இடியப்பத்தின் மேல் வைத்தார். "தோல் இல்லாம திங்கலாம்."

இளம் டொக்டர் எங்கள் மேசைக்கு வந்தார். கையில் புரியாணி. முகத்தில் களைப்பு.

"நன்றி சேர்" என்றார்.

"எனக்கோ? வேஷம் கட்டி உம்மை விழுத்தினவனுக்கோ?"

"அதுக்கில்ல. எழும்பி வந்ததுக்கு." புரியாணியை மேசையில் வைத்தார். "திங்கக்கிழமை கிளினிக்குக்கு வாங்கோ. கொழுப்புப் பார்க்க வேணும். சேரா வராதீங்கோ."

திங்கட்கிழமை போனேன். மற்றவர்களோடு வாங்கில் இருந்தேன். நேர்ஸ் ஒருவர் புதிதாகச் சேர்ந்தவர், என்னைத் தெரியாது. தலை நிமிராமல் வயது கேட்டார். சொன்னேன். நிமிர்ந்து என் தலைமயிரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கோ, இல்ல அப்பாவுக்குக் காட்ட வந்தனீங்களோ?" என்றார்.